செந்தமிழ்ச்செல்வி வெட்டிய பந்தி

தவளக்குப்பம் முனையில் இருக்கும் செந்தமிழ்ச்செல்வியின் வீடியோ கடைக்குப் போகிறவர்களுக்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும். மற்ற கடைக்காரர்கள் டீ ஆறுவதற்குள் கல்யாண டிவிடியைக் காப்பி எடுத்துக் கையில் திணித்துவிடுவார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக உடையும். அந்த வேலை மட்டும் இவளிடம் நடக்காது. முகம் தெரியாவிட்டால் அது என்ன கல்யாண வீடியோ என்பாள். அந்தப் பிடிவாதத்துக்கே அவளுக்கு மாலை போடலாம்.

2006இல் ஒரு பந்த் நாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவளிடம் பூர்ணிமா குனிந்து உள்ளே வந்தாள். சாயங்காலம் பந்த் முடிந்ததும் ஏர்போர்ட்டுக்கு வேன் ஏறி, பிரான்சில் இருக்கும் கணவனிடம் போகிறாள். போன மாதம் இறந்துபோன அவள் அப்பா கோவிந்தசாமி பேசி நடமாடுவது அவளுடைய கல்யாண டிவிடியில் மட்டும்தான். அதை அம்மா ஒரேயடியாகக் கையைவிட்டுத் தரமாட்டாள். காப்பியாவது வேண்டும்.

அவள் கொண்டுவந்த டிவிடியோ இரண்டு மடங்கு கொள்ளும் ரகம். கடையில் மிச்சமிருந்த ஒரே காலி டிவிடியில் அது அடங்காது. வேறு வாங்கவும் கடை திறந்திருக்கவில்லை. அவசரமாகச் சுருக்கினால் முகம் போய்விடும், நிதானமாகச் சுருக்கினால் வேன் போய்விடும். சுருக்காமலே ஏற்ற ஒரு வழி இருந்தது, கொஞ்சத்தை வெட்டுவது. எல்லாரும் வெட்டுவதைத்தான் அவளும் வெட்டினாள், பந்தியை. யார் பாயசம் குடித்தால் யாருக்கு என்ன?

ஆனால் ஓட்டிப் பார்க்காமல் அவள் எதையும் கொடுத்ததில்லை. ஓட்டினாள். தாரை வார்க்கும்போது புகையில் கோவிந்தசாமியின் பாதி முகம். அதற்கப்புறம் மேடையில் ஆளையே காணோம். அப்பா எங்கே என்று கேட்டாள்.

"அவரு எங்கக்கா மேடையில நின்னாரு? வந்தவங்க சாப்ட்டாங்களான்னு பந்தியிலயே கெடந்தாரு."

வெட்டிய பந்தியைச் செந்தமிழ்ச்செல்வி திரும்ப ஒட்டினாள். அதற்குப் பதிலாக, மேடையில் வரிசைகட்டி நின்று பரிசு கொடுத்துச் சிரித்தவர்களை மொத்தமாகத் தூக்கினாள். அதில் மாமியார் வீட்டுச் சனம் முக்கால்வாசி போயிற்று. கோபித்துக்கொள்வார்களே என்று பூர்ணிமா இழுத்தாள்.

"கோச்சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. டிவிடி சூட்டோடு வந்தது. அப்போதும் அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். கோவிந்தசாமி ரச வாளியோடு வந்தார். நெற்றி வியர்வைகூடத் தெளிவாகத் தெரிந்தது. கேமராக்காரனைப் பார்த்து நின்றார்.

"நீ சாப்ட்டியாப்பா?"

பூர்ணிமா திரையைப் பார்த்து, "சாப்ட்டேம்பா" என்றாள்.