கண்ணை மூடிக்கொண்டு ஒரு சண்டை

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு குடும்ப ஜெபம் நடந்தது. அதில் நான் தோற்றுப்போனேன்.

ஜெபத்தில் எப்படித் தோற்க முடியும் என்று கேட்பீர்கள். கிறிஸ்தவ வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சித்தூரில் எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் ஹாலில் பாய் விரித்து உட்காருவோம். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு ஆளுக்கு ஒரு ஜெபம். குழந்தையில் ஆரம்பித்துப் பெரியவரில் முடியும். பெரியவர் என்றால் நான்தான். இதில் ஒரே ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. ஒருவர் ஜெபம் பண்ணும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது, கண்ணைத் திறக்கவும் கூடாது. குக்கர் விசில் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

இந்தச் சட்டத்தின் அருமை மாமியார்களுக்குத்தான் தெரியும்!

யோசித்துப் பாருங்கள். "பால் பாத்திரத்தை ஏன் மூடி வைக்கவில்லை?" என்று மருமகளிடம் நேராகக் கேட்டால் அது சண்டை. அதையே கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே, எங்கள் பால் பாத்திரத்தில் பல்லி விழாதபடிக்கு உம்முடைய செட்டைகளின் மறைவில் காத்துக்கொள்ளும், அதை மூடி வைக்கிற நல்ல ஞானத்தை எங்கள் பிள்ளைகளுக்குத் தந்தருளும்" என்று கேட்டால்... அது பக்தி. பதில் பேச முடியாது. பேசினால் ஆண்டவருக்கே எதிர்ப்பேச்சு பேசின மாதிரி.

நான் பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ரிட்டயர் ஆனவள். என் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டாலே மேலே டிவி அணைந்துவிடும். ரிட்டயர் ஆன பிறகு அந்த அதிகாரம் முழுவதையும் ஜெபத்தில் இறக்கி வைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

என் மகன் சாம் மருந்து கம்பெனி ரெப். ஊரில் இருக்கிற டாக்டர்களிடம் எல்லாம் வாய் ஓயாமல் பேசுவான். எனக்கும் அவன் மனைவி சுகந்திக்கும் நடுவில் உட்கார்ந்தால் மட்டும் ஊமையாகிவிடுவான். அவனுடைய ஜெபமே இவ்வளவுதான்: "ஆண்டவரே, எல்லாருக்கும் சமாதானம். ஆமென்." பேத்தி ஜெசி ஒன்றாம் வகுப்பு. அவளுடைய ஜெபம் அப்பாவுடையதைவிட நேர்மையானது. "யேசப்பா, நாளைக்கு எங்க டீச்சருக்கு ஜுரம் வரணும். கொஞ்சூண்டு வந்தா போதும். ஆமென்."

சுகந்தி நகரி பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவள் பிறந்த வீட்டில் புரட்டாசி என்றால் கறி கிடையாது, எல்லோரும் திருமலைக்கு ஏறுவார்கள். காதல் கல்யாணம் முடிந்து இங்கே வந்தபோது அவளுக்கு ஜெபம் பண்ணத் தெரியவில்லை. "சாமி, எல்லாரையும் நல்லா வெச்சுக்கோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். விடுவேனா நான்? உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் துதி. பிறகு ஸ்தோத்திரம், அதாவது நன்றி. கடைசியில்தான் விண்ணப்பம். எடுத்த எடுப்பிலேயே கேட்கக் கூடாது. இன்ஜினியரிங் படித்தவள் அல்லவா, சிலபஸ் கொடுத்ததும் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

எவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்டாள் என்பது போன மாதம்தான் தெரிந்தது.

அன்றைக்கு ஜெசி முடித்தாள், சாம் முடித்தான். சுகந்தி ஆரம்பித்தாள்.

"பரிசுத்தமுள்ள நல்ல பிதாவே, உம்மைத் துதிக்கிறோம். இந்தக் குடும்பத்துக்காக ஸ்தோத்திரம். என்னைப் பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிற எங்க அத்தைக்காக ஸ்தோத்திரம்..."

இங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ பெருமையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"சத்தியவேடு பக்கத்துல கம்பெனியில, குவாலிட்டி செக்ஷன்ல எனக்கு வேலை குடுத்தீரே, அதுக்காக ஸ்தோத்திரம்."

என்ன வேலை? எப்போது கொடுத்தார்? எனக்குச் சொல்லாமலா?

"கம்பெனி பஸ் திருப்பதியிலருந்துதான் வருதுன்னு உமக்கே தெரியும் ஆண்டவரே. அங்க எங்களுக்கு ஒரு வாடகை வீடு காட்டினீரே, ஸ்தோத்திரம். ஜெசிக்கு ஸ்கூல்ல சீட் கெடைச்சுதே, அதுக்கும் ஸ்தோத்திரம்..."

ஜெசிக்குச் சீட்டா? ராத்திரியில் என் வயிற்றின்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிற பிள்ளை அது. அதைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் போகப்போகிறார்கள். நான் மட்டும் இந்த வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் வாயைத் திறக்க முடியாது. சட்டம் போட்டவளே நான்தானே? பலமாக இருமிப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை. இருமல் வந்தால் நிறுத்த வேண்டும் என்று நான் சட்டத்தில் சேர்த்திருக்கவில்லை.

"இதையெல்லாம் ஏத்துக்கிற நல்ல மனசை எங்க அத்தைக்குத் தாரும். கேட்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்."

"ஆமென்!" என்றான் சாம். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு சத்தமாக ஆமென் சொல்லி நான் கேட்டதில்லை. "ஆமென்" என்றாள் ஜெசி. ஆக, எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

நான் மட்டும் ஆமென் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். சொன்னால், நானே சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றிவிட்ட மாதிரி. சொல்லாவிட்டால், சின்னப் பிள்ளைக்கு முன்னால் ஜெபத்துக்கே எதிர்க்கட்சி.

பரவாயில்லை, அடுத்து என் முறை. கடைசி ஜெபம், யாரும் பதில் சொல்ல முடியாத ஜெபம்! மாமியாரை விட்டுப் பிரியாமல் கூடவே போன மருமகளின் கதை வேதத்திலேயே இருக்கிறது. அதை எடுத்து விட்டேன் என்றால் சுகந்தி வாயே திறக்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"குடும்பங்களைச் சேர்த்து வைக்கிற எங்கள் பரலோகப் பிதாவே..."

முதல் அடி எப்படி விழுந்தது என்று பார்க்க, என் சட்டத்தை நானே மீறி லேசாகக் கண்ணைத் திறந்தேன்.

சுகந்தி கண்களை இறுக்கமாக மூடியிருந்தாள். துப்பட்டா முனையை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. அத்தனை சாமர்த்தியமாக ஜெபம் பண்ணினவள் பயத்தில் செத்துக்கொண்டிருந்தாள்.

வேலை கிடைத்தது சந்தோஷமான செய்தி இல்லையா? நான் அவளைப் பெற்ற தாயாக இருந்தால் ஓடி வந்து கட்டிப்பிடித்துச் சொல்லியிருப்பாள். என்னிடம் சொல்ல, பாவம், நடுவில் ஆண்டவரை உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. ஜெபம் பண்ணும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்படி வேதத்தில் சொல்லியிருக்கிறார் அவர். எதற்கு என்று இத்தனை வயதில் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஹாலில் மைக் போட்டல்லவா ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்? எனக்கு வெட்கமாக இருந்தது.

"எப்போ சேரணும்?" என்று கேட்டேன்.

ஜெபத்தின் நடுவில்! சாம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். சுகந்தி திறக்கவில்லை.

"ஒன்னாந்தேதி, அத்தே."

"கண்ணத் தொறந்து சொல்லு."

திறந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னுதான் அத்தே தெனமும் உங்ககிட்ட வருவேன். நீங்க 'என்ன?'ன்னு கேட்டதும் பயந்துகினு, உப்பு டப்பா எங்க கீதுன்னு கேட்டுட்டு ஓடிப் போயிருவேன்."

அதுதானா! இந்தப் பெண்ணுக்கு இப்படி மறதி வந்துவிட்டதே என்று நான் அவளுக்காக ஒரு தனி ஜெபமே பண்ணியிருந்தேன்.

"படிச்சதெல்லாம் மறந்துகினே போவுது அத்தே. ஜெசி ஸ்கூலுக்குப் போனப்புறம் பருப்ப ஊற வெச்சுட்டு அதையே பாத்துகினு உக்காந்துகினு கீறேன். எனக்கு வேலைக்குப் போவணும்."

பிடித்த மருமகளோ பிடிக்காத மருமகளோ, ஒரு பெண் இப்படி நேராகக் கேட்டால் நாமும் நேராகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"எனக்கு இது புடிக்கல சுகந்தி. ஜெசி இல்லாம இந்த வீட்ல எனக்குச் சோறு எறங்காது. அதையும் ஒளிக்காம சொல்லிட்டேன். ஆனா நீ போ."

சொல்லும்போதே எனக்கும் அழுகை வந்துவிட்டது. சுகந்தி நகர்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் எங்ககூட திருப்பதிக்கு வந்துடுங்க அத்தே."

"வந்து? உங்க நகரி சொந்தக்காரங்க அத்தினி பேரும் மலைக்குப் போறதுக்கு முன்ன ஒருதரம், எறங்கினப்புறம் ஒருதரம் நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க. அவங்க மொட்டைத் தலைக்கெல்லாம் நான் சந்தனம் கரைச்சுகினு இருக்கணுமா?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "கரைச்சாதான் என்ன அத்தே? பைபிள்ல வேணாம்னா போட்டுகீது?"

ஆமெனோடு நிறுத்திக்கொண்டிருந்த சாம் வாயைத் திறந்தான். "அம்மா, சாம்பார் ஆறிப்போச்சு."

அன்றைக்கு எங்கள் ஜெபம் முடியவே இல்லை. பாதியில் எழுந்து சாப்பிடப் போய்விட்டோம்.

இப்போது அவர்கள் திருப்பதியில், நான் சித்தூரில். வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, பொய் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை பஸ்ஸைப் பிடித்து ஜெசியைப் பார்க்கப் போகிறேன். மற்ற நாட்களில் ராத்திரி வீடியோ காலில் குடும்ப ஜெபம். அதற்கு முன்னால் நானும் சுகந்தியும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகச் சண்டை போடுகிறோம். "அத்தே, நீங்க அப்படிச் சொன்னது எனக்குப் புடிக்கல" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். சுருக்கென்று இருக்கிறது. நானும் திருப்பிச் சொல்கிறேன், அவளுக்கும் சுருக்கென்று இருக்கும்.

பேசித் தீர்ந்த பிறகு ஜெபம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆண்டவரிடம் போட்டுக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

ஆண்டவருக்கும் எங்கள் வீட்டுப் பால் பாத்திரத்தைத் தவிர வேறு வேலைகள் இருக்குமல்லவா?