சாவி பூஜையில் இருந்த நாள்

இரண்டாயிரங்களின் நடுவில், வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் நான் கணினி ஆசிரியை. பஞ்சாயத்து ஊழியர்களுக்கும் கூட்டுறவுச் சங்கக் குமாஸ்தாக்களுக்கும் எக்செல் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிப்போயிருந்த காலம். அப்படிப்பட்ட என்னிடம் ஆப்பிரிக்க நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். என் ஜாதகத்தைக் கணித்தவர்கூட இதை நம்பியிருக்க மாட்டார்.

அரசாங்கச் செலவில் ஒரு மாதப் பயிற்சி. நாட்டு வளர்ச்சிக்குத் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவது, அதைக் கட்டி ஆளச் சட்டம் எப்படிப் போடுவது என்பதுதான் பாடம். காலையில் நான் மின்னஞ்சல், இணையம் என்று கைப்பழக்கம் சொல்லிக்கொடுப்பேன். மதியத்துக்கு மேல் எங்கள் இயக்குநர் வந்து சட்டம், கொள்கை என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசுவார். பேச்சில் மனிதர் கெட்டிக்காரர்.

முதல் வாரமே நான் மாட்டிக்கொண்டேன். ரயில் டிக்கெட்டை வீட்டிலிருந்தபடியே எடுக்கலாம் என்று பெருமையாகத் திரையில் காட்டினேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தால், ஒருவர் எழுந்து, "உங்கள் வயது, நீங்கள் எந்தத் தேதியில் எங்கே போகிறீர்கள் என்பதெல்லாம் இப்போது யாரிடம் இருக்கிறது? அதை யார் பார்க்கலாம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?" என்று கேட்டார். என் சர்வீஸில் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. மதியம் இயக்குநரைக் கேளுங்கள் என்று தள்ளிவிட்டேன். மதியம் அவரைக் கேட்டார்கள். அவர் டீ இடைவேளையை முன்னால் கொண்டுவந்துவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மா இருந்தார். கிழக்கு ஆப்பிரிக்கப் பக்கம் ஒரு நாடு. ஐம்பதைத் தாண்டிய வயது. அரசியலுக்கு வருமுன் பள்ளித் தலைமையாசிரியை. கீபோர்டில் பூண்டு நசுக்குவதுபோல் இரண்டே விரலால் அடிப்பார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். தப்பாக அடிக்கிறாரே என்று நான் மவுஸில் கை வைத்தால் தட்டிவிடுவார். "நானே செய்ய வேண்டும் டீச்சர், அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்பார். பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

பயிற்சியின் கடைசி வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் மதியமே லேபைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பூச்சூட்டி, பொரி கடலையும் சுண்டலும் படைத்து அமர்க்களப்படுத்திவிட்டோம். ஃபேக்ஸ் மெஷினையும் விடவில்லை. விருந்தாளிகளுக்கு ஒரே சந்தோஷம். அந்த அம்மா தன் கணினிக்குத் தானே பொட்டு வைத்தார், கொஞ்சம் தாராளமாகவே. எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டினோம். இரண்டு நாள் விடுமுறை.

மறுநாள் காலை ஹாஸ்டலிலிருந்து என் வீட்டுக்குப் போன் வந்தது. அந்த அம்மாதான். குரல் வேறு மாதிரி இருந்தது.

அவர் நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று தகவல் தொடர்பு மசோதாவைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது. திருத்தம் கொடுக்க அடுத்த வாரம் வரை நேரம் என்று சொல்லியிருந்தவர்கள், திடீரென்று இன்று சாயங்காலத்தோடு முடிகிறது என்று அறிவித்துவிட்டார்களாம். அவர் கொடுக்க விரும்பிய திருத்தம் ஒன்றே ஒன்று: நீதிபதியின் உத்தரவு இல்லாமல் எந்த மாவட்டத்திலும் அரசு தொலைபேசியைத் துண்டிக்கக் கூடாது. எழுத்தில் வர வேண்டும், உறுப்பினரின் சொந்த மின்னஞ்சலிலிருந்தோ ஃபேக்ஸிலோ வர வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது.

லேபைத் திறந்தால் முடிந்தது, இதற்கா இவ்வளவு பதற்றம் என்று நினைத்துக்கொண்டே இயக்குநருக்குப் போன் போட்டேன்.

"சாவிக் கொத்தையே பூஜையில வச்சுட்டேனேம்மா" என்றார்.

"எடுத்து வைங்க சார். நான் வந்து வாங்கிக்கறேன்."

"புனர்பூஜை பண்ணாம எப்படிம்மா எடுக்கறது? நாளைக்குக் காலைல நல்ல நேரம் பாத்து எடுத்து நானே கொண்டு வரேன்."

"அவங்களுக்கு இன்னிக்கு சாயங்காலத்தோட முடியுது சார்."

"ஒரு நாள் பொறுக்கச் சொல்லேம்மா. அவங்க ஊர்லயும் பண்டிகை, லீவுன்னு எல்லாம் இருக்கும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வாரமாக ஒரு கண்டத்துக்கே தொழில்நுட்பத்தின் அருமையைச் சொன்ன மனிதர். நான் சாமி இல்லை என்கிற கட்சி கிடையாது. காலையில் எழுந்து குளித்து என் வீட்டுப் பூஜைக்குச் சுண்டல் தாளித்தவள் நான்தான். ஆனாலும் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பதை அன்றைக்குத்தான் காதாரக் கேட்டேன். போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஹாஸ்டலுக்குப் போனேன்.

அந்த அம்மா கையில் தாளோடு வாசலிலேயே நின்றிருந்தார். ஏற்றிக்கொண்டு தாம்பரம் வந்தோம். தெருவெல்லாம் உடைத்துப்போட்ட பூசணிக்காய்; தூறல் வேறு. ஆட்டோ வளைந்து வளைந்து போயிற்று. மேற்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த பிரவுசிங் சென்டர்களில் எல்லாம் ஷட்டர் இறங்கியிருந்தது. எஸ்.டி.டி. பூத் ஒன்று திறந்திருந்தது.

"போன் வேணா பேசிக்கங்க மேடம். ஃபேக்ஸ் தொடக் கூடாது, பூஜை போட்டாச்சு" என்றார் பூத்காரர்.

போனைத் தொடலாமாம், ஃபேக்ஸைத் தொடக் கூடாதாம். இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஊதுவத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுரங்கப்பாதை வழியாகக் கிழக்குத் தாம்பரம் போனோம். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர்காரர் கிறிஸ்தவர். சுவரில் பெரிய சிலுவை இருக்கும். இங்கே பிரச்சினை இருக்காது என்று தைரியமாக நுழைந்தேன். சிலுவை இருந்தது. அதன் கீழே வரிசையாக எல்லா மானிட்டரிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"நீங்க சர்ச்சுக்குப் போறவர்தானே?" என்று கேட்டேன்.

"போறவன்தான்க்கா. ஆனா கடைன்னு இருந்தா இதுவும் பண்ணணும். போன வருஷம் இன்னாத்துக்குன்னு வுட்டேன், மூணு மதர்போர்டு பூட்ச்சு. இன்னிக்கு மட்டும் கேக்காத. நாளைக்கு வா, ஃப்ரீயாவே தரேன்."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆட்டோவில் ஏறியதும் அந்த அம்மா கேட்டார்: "டீச்சர், இது யார் போட்ட உத்தரவு?"

"யாரும் போடவில்லை மேடம். நாங்களாகவே செய்வது."

"அப்படியானால் நான் யாரிடம் மனு கொடுப்பது?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஆட்டோக்காரரிடம் செம்பாக்கம் போகச் சொன்னேன்.

செம்பாக்கத்தில் என் வீடு. அங்கேயும் அதே கதைதான். கணினிக்குப் பொட்டு, கீபோர்டின் மேல் பிளஸ் டூ படிக்கும் மகளின் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி புத்தகங்கள், அதற்கு மேல் சரஸ்வதி படம். மகள் பரீட்சை எழுதும் வருஷம் என்பதால் என் கணவர் இந்த முறை ரொம்பவே பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தார். ஆனால் அங்கே சண்டை போட எனக்கு உரிமை இருந்தது.

நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. "நாளைக்குக் காலைல முதல் வேலையா எடுத்துடலாமே. இவளுக்கு மார்ச்ல பரீட்சை..." என்று என்னிடம் தமிழில் இழுத்தார். மகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் கணவரின் கண் எங்கே போகிறது என்று பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவரிடமே நேராக ஆங்கிலத்தில் பேசினார்.

"எனக்கும் ஒரு மகள் இருந்தாள். போன தேர்தல் சமயத்தில் கலவரம் வரும் என்று எங்கள் மாவட்டத்துக்கே தொலைபேசியைத் துண்டித்தார்கள். அவளுக்கு அப்போது பிரசவ வலி வந்தது. வண்டிக்காரர் பக்கத்து ஊரில் இருந்தார். ஒரு போன் போட்டால் வந்துவிடுவார். போன் இல்லை. ஆள் நடந்து போய் அழைத்துவருவதற்குள் நேரமாகிவிட்டது. குழந்தை என்னிடம் இருக்கிறது. மகள் இல்லை."

மூன்று வாரமாக என் எதிரே உட்கார்ந்து, மின்னஞ்சலில் படத்தை எப்படிச் சேர்ப்பது என்று கேட்ட பெண்மணி. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"துண்டிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்த சட்டத்துக்கு நானும் சபையில் கை தூக்கினேன். படிக்காமல் தூக்கினேன். ஏதோ தொழில்நுட்ப சமாசாரம், தெரிந்தவர்கள் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் இங்கே படிக்க வந்தேன்."

என் கணவர் எழுந்து போய்க் கற்பூரம் கொண்டுவந்து ஏற்றினார். சரஸ்வதி படத்தைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தினார். "முடிஞ்சுது, புனர்பூஜை ஆயாச்சு. எடுங்கோ" என்றார். மகள் வந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா தாம்பரம் முழுக்க அலைந்தோம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

டயல்-அப் இணைப்பு கிர்கிர்ரென்று கத்திக் கத்தி இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை நின்றது. நான் அடித்துத் தரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கையைத் தட்டியிருப்பார். இரண்டு விரலால் அவரே அடித்தார். சந்தனம் ஒட்டிய கீ ஒன்று சிக்கியது; நகத்தால் சுரண்டிவிட்டு மேலே அடித்தார். அனுப்பியபின் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. வெகுநேரம் கழித்துக் குழுச் செயலரிடமிருந்து 'கிடைத்தது' என்று பதில் வந்ததும்தான் தண்ணீர் கேட்டார். பிறகு இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டார்.

விடுமுறை முடிந்த அன்று காலை இயக்குநர் சாவிக் கொத்தோடு நிலையத்துக்கு வந்தார். அதிலும் குங்குமம். "வேலை முடிஞ்சுதாமே? எல்லாம் நல்லபடியா நடக்கும்னு எனக்குத் தெரியும்மா" என்றார். நான் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அவர்கள் ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து அந்த அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. திருத்தம் குழுவில் தப்பித்து, சபையில் தோற்றுவிட்டது. "நான் கை தூக்கினேன். இந்த முறை படித்துவிட்டுத் தூக்கினேன். என்னோடு தூக்கியவர்கள் குறைவு" என்று எழுதியிருந்தார். என் மகளின் பரீட்சை எப்படிப் போயிற்று என்றும் கேட்டிருந்தார். நன்றாகவே போயிற்று, அதை உடனே எழுதினேன்.

அதன்பின் அவ்வப்போது எழுதிக்கொள்வோம். அடுத்த தேர்தல் அங்கே வந்தபோது என் கடிதங்களுக்குப் பதில் நின்றுபோயிற்று. பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி, கலவரம் என்று. பயந்துபோய் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவர் நம்பருக்குப் போட்டேன். ஒரு பதிவுக் குரல் ஏதோ மொழியில் பேசியது, பிறகு ஆங்கிலத்தில் இந்தப் பகுதிக்கு இணைப்பு இல்லை என்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே குரல். அன்றிலிருந்து தினம் காலையும் மாலையும் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதே வேலையாயிற்று. அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் நினைப்பு ஓடும்.

ஒருநாள் வந்தது. எழுத்துப் பிழைகளோடு, அவரே அடித்தது.

"மறுபடியும் துண்டித்தார்கள் டீச்சர். செய்வார்கள் என்று தெரியும். அதனால் தேர்தலுக்கு முன்பே, அந்த மாதம் பிரசவத்துக்கு இருந்த பெண்களை ஊர் ஊராகப் போய் அழைத்துவந்து என் வீட்டில் வைத்துக்கொண்டேன். என் வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம். வராந்தா, சமையலறை, எங்கு பார்த்தாலும் பாய். வண்டிக்காரரை வாசலிலேயே படுக்க வைத்தேன். தலைநகருக்கு நான் போகவில்லை, என் ஓட்டுகூடப் போடவில்லை. எல்லோருக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. பேத்தி புதுக் குழந்தைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கணவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே மெதுவாகப் படித்தார்.

"யாருமே சாகலையா?" என்று கேட்டார்.

"யாருமே சாகலை" என்றேன்.