இடம் நல்லா இருக்கு

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறும் வழியில் டீக்கடை வைத்திருந்த அந்த அம்மா முதலில் எங்கள் செருப்பைப் பார்த்தார், பிறகு காரை, கடைசியாகத்தான் முகத்தை. கை அதுபாட்டுக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தது.

டீயை வாங்கிக்கொண்டு, எதிரே சாமை விளைந்த சரிவைக் காட்டி, "இடம் ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன்.

கை நின்றது. "இன்னா நல்லா இருக்குது?"

"இடம்."

"நாங்க காடுன்னுதான் சொல்லுவோம். சாமை வெதைச்சதும் காடுதான், மரம் நிக்கறதும் காடுதான். சும்மா பாக்க வர்றவங்களும் காடு நல்லா இருக்குதும்பாங்க. இடம்னு சொன்னவங்கல்லாம் அடுத்த தபா புரோக்கரை இட்டுனு வந்தாங்க."

"நாங்க சுத்திப் பார்க்கத்தாங்க வந்தோம்."

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. டீ ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க."

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு சந்தேகமா என்று பொருமிக்கொண்டே வண்டியை எடுத்தேன். முதல் வளைவு வருவதற்குள், சரிவையே பார்த்துக்கொண்டு வந்த என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இங்கெல்லாம் சென்ட் என்ன விலை இருக்கும்?"

பக்கக் கண்ணாடியில் அந்த அம்மா நடுரோட்டுக்கே வந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.