துரை சொன்னதும் நான் சொன்னதும்

இன்று காலை கண்டியின் ஹந்தானை ஏற்றத்தில் கிளட்ச் தீய்ந்த வாடை வந்தது. கார் பழகுகிறவர்கள் ஏற்றத்தில் அரைக் கிளட்சில் தொங்குவது வழக்கம்தான். ட்ரைவிங் ஸ்கூலில் மாஸ்டராகச் சேர்ந்த இந்த நாலு வருடத்தில் என் மூக்கு அதற்குப் பழகிவிட்டது. ஆனால் இன்று ஸ்டியரிங் பிடித்திருந்த மகேஸ்வரி, நாற்பது தாண்டிய பெண், மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:

“டிரையர்ல தூள் தீஞ்ச மாதிரியே இருக்குங்க ஐயா.”

என் காலடியில் எனக்கென்று ஒரு பிரேக் உண்டு. ஒரு காரணமும் இல்லாமல் அதை மிதித்தேன். கார் குலுங்கி நின்றது. தேயிலைத் தூள் தீய்ந்தால் எப்படி மணக்கும் என்று, தொழிற்சாலைக்குள் நின்று வேலை செய்யாத ஒருவருக்குத் தெரிய நியாயமில்லை.

“எந்த ஃபெக்டரிம்மா?”

“நம்ம ஃபெக்டரிதான். மொத நாளே ஒங்கள தெரிஞ்சிருச்சு. நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன். பத்து நாளாச்சு, கேக்கல.”

எப்படிக் கேட்பேன், சொல்லுங்கள்? தேயிலைத் தூள் சலிக்கிற அறையில் தூசிக்காக எல்லாரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருப்பார்கள். பத்தொன்பது வருடம் நான் பார்த்ததெல்லாம் கண்கள்தான். கார் பழக்கும்போது நான் பார்ப்பது ஆட்களின் கால்களை. இரண்டுக்கும் நடுவே முகம் தப்பிவிடுகிறது.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் நான் உதவி டீமேக்கராக இருந்தேன். கொழுந்து வாடியதா, பதமாகப் புளித்ததா என்று மோந்து பார்ப்பது நியமனக் கடிதத்தில் எழுதியிருந்த வேலை. உண்மையான வேலை வேறு. தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தமிழ் வராது. ஆட்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நான். “இந்தச் சோம்பேறிகளை நாளைக்கே விரட்டுவேன் என்று சொல்” என்று துரை இங்கிலீஷில் கத்துவார். நான் திரும்பி, “கொஞ்சம் வெரசா செய்யச் சொல்றாங்க” என்பேன். “அந்தாளு ஒரு நாள் இந்தத் தூசிக்குள்ள நின்னு பாக்கட்டும்” என்று அங்கிருந்து பதில் வரும். நான் துரை பக்கம் திரும்பி, சலிக்கிற அறையைப் பார்வையிட உங்களை அன்போடு அழைக்கிறார்கள் என்பேன். ஒருநாள் மனிதர் மெய்யாகவே வந்து நின்று, பதினைந்து தும்மல் போட்டு, அழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பக்கமும் என்னை நல்ல மனிதன் என்றார்கள். சமாதானப் புறா என்று நானே நினைத்துக்கொண்டேன். புறாவுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. யாராவது சத்தம் போட்டால் எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

பிறகு தொழிற்சாலையை மூடச் சொல்லிக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. எத்தனையோ வருட உழைப்புக்கு இரண்டு பத்தி! அதிலும் ஒன்று வாழ்த்து. இப்போது நினைத்தாலும் அந்த வாழ்த்துப் பத்தியை எழுதியவன் வாயில் ஒரு பிடி டஸ்ட் தூளை அள்ளிப்போட வேண்டும்போல இருக்கிறது. ஆட்களுக்கு அறிவிப்பதற்கு முதல் நாளே துரை என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ் ஏறி நேரே கண்டிக்கு ஓடினேன். நாற்பத்தாறு வயதில், கட்டுகஸ்தோட்டையில் ட்ரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும், எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் முன்னால் போய் நின்றேன். வழியில் வாந்தியும் எடுத்திருந்தேன்.

“நீங்க சரியான மெதுவா பேசுறீங்களே” என்றார் நானா. “எதிர்ல பஸ் வரக்கொள, தயவுசெஞ்சி பிரேக் புடிங்கன்னா சொல்லப் போறீங்க? கத்தோணும்!”

கத்திக் காட்டினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். லைசென்ஸ் ஏற்கனவே இருந்தது, வேலை கிடைத்தது.

மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் எல்லாரையும் கூட்டினார்கள். துரை குடைக்குள் நின்று பேசினார். சுற்றி வளைக்கவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். “மூடுகிறோம். இனித் திறக்க மாட்டோம். காத்திருக்க வேண்டாம், உடனே வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். மழைக்குச் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

“கொஞ்ச நாளைக்கு மூடுறாங்களாம்” என்றேன். “மிஷின் எல்லாம் பாத்து சரி பண்ணிட்டு கூப்பிடுவாங்களாம்.”

“அப்ப சரி” என்றார்கள். யூனியன் தலைவர் முன்னால் வந்து துரைக்குக் கைகூப்பினார். துரை திகைத்துப்போய், எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று என்னிடம் சொன்னார். ஏன் ஒருவரும் ஒரு கல்லாவது எறியவில்லை என்று அந்த ஆள் இன்றுவரை யோசித்துக்கொண்டிருப்பார்.

இன்று காலை, பின்னால் ஒரு வேன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, மகேஸ்வரி காரை மெல்லக் கிளப்பி ஓரமாக விட்டாள்.

“எட்டு மாசம் ஐயா” என்றாள். “காலைல எந்திரிச்சா ஃபெக்டரி சங்கு ஊதுதான்னு காது குடுத்துக்கிட்டே இருப்பேன். அப்ப கார்மண்ட்ஸ்ல ஆள் எடுத்தாங்க. தொரை கூப்பிட்டா யாரு போறதுன்னு நான் போகல. தங்கச்சி போனா. இப்ப அவ சூப்பவைசர். நான் போனப்ப வயசு கூடிப்போச்சுன்னுட்டாங்க. அதான் இந்த ஸ்கூல் வேன் ஓட்டலாம்னு... அந்தத் தொரைய எங்கயாச்சும் கண்டேன்னா, மூஞ்சிக்கு நேரா கேப்பேன். ஏன்யா பொய் சொன்னன்னு.”

என் வாயில் ஒரு நல்ல வாக்கியம் தயாராக வந்து நின்றது. காலம் அப்படி, விடும்மா, நீ நல்லா வருவே என்பது போன்ற ஒன்று. பத்தொன்பது வருடச் சரக்கு, கேட்காமலே வந்துவிடும். அதை விழுங்கினேன்.

“அவரு பொய் சொல்லல. இனி தொறக்கவே மாட்டோம், வேற வேலை தேடிக்கங்கன்னுதான் சொன்னாரு. மாத்திச் சொன்னது நான்.”

அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். முறையாக, நான் பழக்கியபடியே.

“ஏன்?”

“பயம்.”

“நீங்க எப்ப இந்த வேலைக்கு வந்தீங்க?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “அதுக்கு மொத நாளே பேசி வச்சிட்டேன்” என்றேன்.

சிரித்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அப்ப ஒங்களுக்கு மட்டும் சரியா சொல்லிக்கிட்டீங்க.”

காரைத் திருப்பினாள், இறக்கம் முழுக்க இரண்டாவது கியரில் அழகாக இறங்கினாள். நான் பிரேக்கில் கால் வைக்கத் தேவையே வரவில்லை. ஸ்கூல் வாசலில் நிறுத்தி, சாவியை என் கையில் தராமல் டாஷ்போர்டில் வைத்தாள். உள்ளே போய் நானாவிடம், நாளையிலிருந்து வேறு மாஸ்டரைப் போடச் சொல்லிவிட்டாள். ஏன் என்று அவர் கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை என்றாளாம்.

தொழிற்சாலையை இப்போது போய்ப் பார்த்தால் கோபம்தான் வரும். ரோலர்களைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூரைத் தகரமும் இல்லை. கொழுந்து வாட்டிய மாடியில் புல் முளைத்திருக்கிறது. அதற்காக உட்கார்ந்து அழுகிற ஆள் நானில்லை. அந்தக் கட்டடம் யாருக்கும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் அதன் வாசலில், மழையில் நின்று, நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் நம்பிய ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் என்னை இன்னும் நம்பிக்கொண்டிருந்த கடைசி ஆள் இன்று காலை பத்தரை மணிக்குக் காரின் கதவைச் சாத்திவிட்டு, வீதியைக் கடந்து, பஸ் ஏறிப் போய்விட்டாள்.