எல்லா மருந்தும் முதல் சந்தில்

கிடங்கில் அவளுக்கு மின்னல் என்று பெயர். சாப்பாட்டை மெல்லுகிற நேரத்தைக்கூட வீண் என்று நினைக்கும் பிறவி. அந்த மருந்துக் கிடங்கில் கூரை முட்ட அடுக்குகள், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு சந்து, சந்துக்கு ஒரு தானியங்கிக் கிரேன். எந்தப் பெட்டி எந்தச் சந்தில் என்று கணினியில் வகுப்பது அவள் வேலை.

ஒரே மருந்தை இரண்டு சந்துகளில் பிரித்து வைப்பதுதான் முன்பு வழக்கம். "ஒரு பொருளுக்கு ரெண்டு வீடு எதுக்கு?" என்று அவள் அதை ஒழித்தாள். அடிக்கடி போகிற மருந்தெல்லாம் வாசலை ஒட்டிய முதல் சந்துக்கு வந்தது. பெட்டிகள் பறந்தன. மேலாளர் மெச்சினார். கிரேன் மெக்கானிக்கான அவள் கணவன், "என் பொண்டாட்டி மூளையே மூளை" என்று தம்பட்டம் அடித்தான்.

அன்று மதியம் முதல் சந்தின் கிரேன் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பிரசவமான பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஊசி மருந்துக்காக வண்டி வாசலில் நின்றது. இருந்த மருந்து மொத்தமும் அந்தச் சந்தின் மேல் அடுக்கில். கைமேல் பலன் என்பது இதுதான் போல.

கணவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான். உள்ளே போகிறவன் சந்தின் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வது அங்கே விதி. சாவி இல்லாமல் கிரேன் அசையாது, உள்ளே இருப்பவனை இடிக்காது.

மேலாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மாத்துச் சாவி உன்கிட்டதானே இருக்கு? ஒரு தடவ போட்டுப் பாரு. ஓடினா நேரம் மிச்சம்."

வாசலில் ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். மின்னல் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"அவரு உள்ள இருக்காரு சார். போட மாட்டேன்."

"வெளிய ஒரு உயிர் காத்துக்கிட்டு இருக்கும்மா."

"தெரியும் சார்."

மேலே கணவனின் கால் ஒருமுறை வழுக்கியது. அவள் கத்தவில்லை. கத்தினால் அவன் கீழே பார்ப்பான். தன் மேலேயே வெறுப்பு வந்தது. மருந்தைத் தோள்பையில் போட்டுக்கொண்டு அவன் ஒவ்வொரு படியாக இறங்கினான். வண்டி சீறிக் கிளம்பியது.

மின்னல் நேரே கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு மருந்திலும் பாதியை இரண்டாம் சந்துக்கு மாற்றினாள்.

"வேகம் குறையுமே," என்றார் மேலாளர்.

"குறையட்டும் சார்."

கணவன் வியர்வையைத் துடைத்தபடி வந்து நின்றான். "அப்ப இனிமே நான் ஏற வேண்டாமா?"

"ரிப்பேருக்கு ஏறணும்," என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா வாசல்ல வண்டி நிக்கும்போது ஏற வேண்டாம்."