அத்தையின் கடிதமும் அடம்பிடித்த பிரிண்டரும்

எங்கள் வீட்டுப் பிரிண்டர் நல்ல நாளிலேயே ஒழுங்காக வேலை செய்யாது. கணவர் வேலை பார்த்த கம்பெனியில் புதிது வாங்கியபோது கழித்துப்போட்ட பழசு அது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தை இழுத்துக்கொண்டு கறகறவென்று அடிக்க ஆரம்பித்தால், கிள்ளானை அடுத்த பண்டமாரானில் எங்கள் வரிசையில் நாலு வீட்டுக்குக் கேட்கும். தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பதே பெரிய விஷயம் என்று பொறுத்துக்கொண்டேன். எனக்கும் பொறுமைக்கும் ரொம்ப தூரம், அது வேறு கதை.

அந்தப் பிரிண்டரை நம்பித்தான் அத்தையின் காரியம் இருந்தது. அத்தை என்றால் கணவரின் அம்மா. கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் பதிந்து வைக்கவில்லை. அதனால் அறுபது வயது தாண்டியும் கையில் சிவப்பு ஐ.சி.தான், இங்கே இருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை என்று சொல்லும் அடையாள அட்டை. குடிமக்களுக்குக் கொடுக்கும் நீல ஐ.சி. கேட்டு நாங்கள் மனுப் போட்டதில், பதிவு அலுவலகத்தில் பேட்டிக்கு நாள் கொடுத்திருந்தார்கள். பிறப்புப் பத்திரம் ஏன் இல்லை என்று விளக்கி, டைப் செய்த கடிதம் ஒன்றும் கொண்டுவர வேண்டும்.

அத்தையோ எதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. "செவப்போ நீலமோ, சோறு எறங்குதுல்ல" என்பார். இந்தத் தடவை ஆகாவிட்டால் இனிமேல் எந்த ஆபீஸ் படியும் ஏறமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். உங்களுக்காக நாங்கள் அலைய வேண்டியிருக்கிறது, உங்களுக்கு ஒரு அக்கறை இல்லையே என்று நான் உள்ளுக்குள் கறுவிக்கொள்வேன்.

மலாய் மொழியில் கடிதத்தை எழுதித் திருத்தி முடிக்க மூன்று நாள் ஆனது. பேட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அச்சடிக்கலாம் என்று போனால், மேசையில் பிரிண்டரைக் காணவில்லை. சாமி மேடைக்குக் கீழே, தையல் மிஷினுக்கும் கணவரின் ஸ்பானர் பெட்டிக்கும் நடுவில், சந்தனமும் குங்குமமும் மல்லிகைச் சரமுமாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்குச் சரஸ்வதி பூசை. பூசைக்கு வைத்ததைக் காலையில்தான் எடுக்கலாம் என்றார் அத்தை. உங்கள் கடிதத்துக்குத்தான் அத்தை என்று கெஞ்சிப் பார்த்தேன். யாருடையதாக இருந்தால் என்ன, முறை முறைதான் என்று சொல்லிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

விடிந்ததும் கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுத்தார். எட்டரைக்குப் பேட்டி. பிரிண்டரைப் போட்டால், மூன்று முறை கீக் கீக் என்று கத்திவிட்டுச் சிவப்பு விளக்கை எரித்தது. காகிதம் இல்லை என்று அர்த்தம். காகிதம் கண்ணெதிரே இருந்தது. கழற்றி மாட்டினேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். நிறுத்திவிட்டுப் பத்து எண்ணி மறுபடியும் போட்டேன். அசைந்து கொடுக்கவில்லை. கணவர் வந்து அதன் விலாவில் இரண்டு தட்டு தட்டினார். பழைய டிவிக்கு அவர் செய்யும் வைத்தியம் அது. "இதுக்கு மேல நான் என்ன லா செய்றது" என்று ஒதுங்கிக்கொண்டார். மணி ஏழு. கிள்ளானில் டைப் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும்.

கடைசியாக, பின்பக்கம் பார்க்கலாம் என்று பிரிண்டரைத் தூக்கிச் சாய்த்தேன். உள்ளே ஏதோ சலசலத்தது. பழைய நியூஸ் பேப்பரை விரித்து அப்படியே கவிழ்த்தேன். மஞ்சள் தடவிய அரிசி கொட்டியது. நாலைந்து மணி இல்லை, கொட்டிக்கொண்டே இருந்தது. காகிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற குட்டி நெம்புகோல் ஒன்று பின்னால் உண்டு. அதனடியில் ஒரு அரிசி வசமாகச் சிக்கியிருந்தது. ஊக்கை விட்டு நெம்பி எடுத்தேன்.

எடுத்த கையோடு அத்தையிடம் பாய்ந்தேன். அட்சதையை மேலே தூவினால் போதாதா, மூடியைத் திறந்து உள்ளேயா கொட்டுவார்கள் என்று கத்திவிட்டேன்.

அத்தை முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். "அதுக்குள்ளேருந்துதான் லெட்டர் வரும்னு நீதானம்மா சொன்ன. அதான் மூணு கை போட்டேன்" என்றார். பிறகு, "எனக்கும் நீல ஐ.சி. வேணும்மா" என்றார்.

கல்யாணமாகி வந்து எட்டு வருஷம். அவர் வாயால் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். கிடைக்காமல் போய்விடுமோ என்கிற பயத்தை இத்தனை நாளும் சோற்றுப் பேச்சில் மூடி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் தெரியாமல் காகிதத்தை மாட்டினேன்.

பிரிண்டர் கறகறவென்று ஓடியது. ஒவ்வொரு வரியும் வெளியே வரவர அத்தை குனிந்து பார்த்தார். படிக்கச் சொன்னார். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட இந்த நாட்டைவிட்டு வெளியே போனதில்லை என்ற இடம் வந்ததும், அது நெசந்தான் என்று தலையாட்டினார். எட்டு இருபதுக்கு அலுவலக வாசலில் நின்றோம்.

ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்து, நீல ஐ.சி. கிடைத்தது. அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தார், "ம், நல்லாத்தான் இருக்கு" என்று பர்சில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை மீன் வாங்கப் பாசாருக்குப் போனவர், அரை மணியில் திரும்ப வேண்டியவர், பதினொரு மணியாகியும் வரவில்லை. பயந்துபோய்த் தேடிப் போனேன். தேங்காய் துருவுகிற அக்காவிடம் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் காய்கறிக் கடை, கோழிக்கடைச் சீனர், பஸ்ஸுக்கு நின்ற முகம் தெரியாத இரண்டு பேர் என்று எல்லோரும் பார்த்தாகிவிட்டதாம். கூடை காலியாக இருந்தது. மீன் எங்கே அத்தை என்றேன்.

"மறந்துட்டேம்மா. நாளைக்கு வாங்கிக்கலாம். நான் எங்க போயிடப் போறேன்" என்றார்.

அன்றைக்கு முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.