மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு, மடியில் என் ரத்தத்தோடு

ரத்த மாதிரியைக் கையிலெடுத்துக்கொண்டு ஊருக்குள் எப்படிப் போவது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பாதி, பங்குனி மாதம், அதுவும் மயிலாப்பூர்க் கோயிலில் அறுபத்துமூவர் திருவிழா அன்று. நல்ல நாளாகப் பார்த்துத்தான் கிளம்பினேன் போங்கள்!

பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தால் எனக்கு ஹெபடைடிஸ் சி வந்திருந்தது. வாரம் மூன்று ஊசி என்று மூன்று மாதம் போட்டாகிவிட்டது. வைரஸ் இன்னும் இருந்தால் மருந்து கேட்கவில்லை என்று அர்த்தம், ஊசியை நிறுத்திவிடுவேன் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு என்ன என்று கேட்க எனக்குப் பயம். வைரஸைத் தேடும் சோதனை தி.நகரில் ஒரு லேபில் உண்டு. அவர்கள் ரத்தம் எடுப்பதில்லை, கிளினிக்குகள் அனுப்புவதை வாங்கிக்கொள்வார்கள். எங்கள் மயிலாப்பூர் கிளினிக்கில் கொண்டுபோகிற ஆள் அன்று திருவிழா லீவு.

"நானே எடுத்துட்டுப் போறேன் சிஸ்டர்" என்றேன். நர்ஸ் குழாயைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் அடைத்து, ஐஸ் போட்ட கூடையில் வைத்தார். "ஐஸ் நேரா படக்கூடாது, குலுங்கக்கூடாது. ரெண்டு மணி நேரத்துல சேர்த்துடுங்க."

2.40க்கு லஸ் முனையில் ஆட்டோ கிடைத்தது. ஐந்து கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாய். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுவதை ஓட்டுநர் பார்த்தார்.

"இன்னாம்மா, மீனா?"

"ரத்தம்."

"யாருதும்மா?"

"என்னுதுதான்."

திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஷோக்கா உக்காந்துகினு கீறியேம்மா!"

குலுங்கக்கூடாது என்றதும் வண்டி தேர் மாதிரி ஊர்ந்தது. கூட்டம் மறித்த இடமெல்லாம் தலையை வெளியே நீட்டி, "ரத்தம் போவுது, வயி வுடு நைனா!" என்று கத்தினார். பானகப் பந்தல்காரர்கள்கூட பெஞ்சை நகர்த்தினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

3.50க்கு லேப். டெக்னீஷியன் குழாயை மெஷினில் வைத்துச் சுழற்றி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். கீழே சிவப்பு, மேலே தெளிந்த மஞ்சள். "குலுங்கி ரத்த அணு எதுவும் உடையலைம்மா, டெஸ்டுக்கு ஆகும்." அந்த மஞ்சளுக்குள் அது இருக்கிறதா இல்லையா என்று உற்று உற்றுப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரிகிற சமாசாரம் போல.

வெளியே வந்தால் ஆட்டோ போகாமல் நிற்கிறது. "ஏம்மா, ரத்தம் நல்லா கீதா?"

"பத்து நாள்ல தெரியும்" என்றேன்.

போகிறவர்களுக்கு: கோயில் திருவிழா நாளைத் தவிருங்கள். ஐஸ் கூடுதலாக வையுங்கள். சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து இன்னொரு சோதனை உண்டு, அதுதான் முக்கியம். இப்போது ஊசிக்குப் பதில் மாத்திரையே வந்துவிட்டது. முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாள் வைரஸ் தென்படவில்லை. கடைசிச் சோதனையிலும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். கேட்டுவிட்டுப் போன ஆட்டோக்காரருக்குச் சொல்லத்தான் வழியில்லை, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால்: நல்லா கீது, அண்ணே.